உப்பைக் கழுவிய பிறகுதான் பெயிண்ட்

எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. காலையில் துடைத்து வைத்த பெட்ரோல் டேங்க்கை மாலையில் விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அலையோடு எழுந்து காற்றில் வரும் உப்பு, கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, அனல் மின் நிலையப் பக்கமிருந்து வரும் கரித்தூள் மூன்றும் சேர்ந்து ஒரு பிசுக்காகப் படிந்துவிடும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ராயபுரத்திலும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தப் பிசுக்கோடுதான் வாழ்கிறோம். இதற்கு ஒரு வழி செய்யாமல் பெயிண்ட் டப்பாவைத் திறப்பது வீண்.

என்னிடம் இருப்பது அப்பாவின் புல்லட். 1991-இல் வாங்கிய கறுப்பு நிற 350. அது செய்யப்பட்டதும் இதே ஊரில்தான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே ஆகத் தொடங்கிவிட்டது. திருவொற்றியூர் ஆலையில் டேங்க்கின் இரு பக்கமும் ஓடும் பொன் கோட்டைப் பிரஷ்ஷால் கையாலேயே இழுப்பார்கள். ஒரே குடும்பத்தில் அப்பாவிடம் பிள்ளைகள் பழகி, தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. எங்கள் டேங்க்கில் இருப்பது அப்படியொரு கோடு என்பதால், வண்டி முழுவதையும் சுரண்டிப் புதிதாக அடித்துவிடும் யோசனையை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன். கெட்டுப்போன இடத்தை மட்டும் சரிசெய்வது, நன்றாக இருப்பதைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

நான்கு வருடம் முன்பு ஓர் ஐப்பசியில் அவசரப்பட்டு ஒரு தவறு செய்திருந்தேன். முன் மட்கார்டில் துரு ஏறிய இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, ஸ்பிரே டின் வாங்கி மேலேயே அடித்துவிட்டேன். ஒரு மாதம் பளபளப்பாக இருந்தது. தை பிறப்பதற்குள் கடுகு கடுகாகக் கொப்புளம் கிளம்பியது. நகத்தால் கிள்ளினால் உள்ளே ஈரமான துரு. மார்க்கெட் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணனிடம் காட்டினேன். "தம்பி, உப்பை உள்ள வெச்சு மூடிட்ட. உப்பு போகலைன்னா நீ தங்கமே பூசினாலும் ஆறு மாசம்தான்" என்றார். இந்த முறை செய்த வேலை முழுக்க அந்தப் பேச்சை வைத்துத்தான்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெயிண்ட் பார்க்கத்தான் இறுக்கமான தோல்; நீராவி மெல்ல மெல்ல அதற்குள் ஊடுருவும். அடியில் உப்புத் துணுக்கு இருந்தால் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உப்புநீராகிவிடும். அங்கே இரும்பு அரிக்கும், துரு, அரித்த இரும்பின் பருமனைவிடப் பெரிதாகி மேலே தள்ளும். அதுதான் கொப்புளம்.

வேலைக்குக் காலம் பார்ப்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கையே வைக்கக்கூடாது. மாசி, பங்குனி சரியான மாதங்கள். நாளில் எந்த நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் காற்றில் ஈரம் மிக அதிகம். இரும்பைத் தொட்டாலே ஜில்லென்று நனைந்திருக்கும். வெயில் ஏற ஏற ஈரம் குறையும். மதியத்தை நெருங்கும்போது கடல் காற்று திரும்பி உப்பையும் புழுதியையும் கொண்டுவரும். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. பிரைமரும் நிறமும் அடிக்க நான் வைத்துக்கொண்டது அந்த நேரம்தான். தேய்ப்பு வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

முதல் ஞாயிறு முழுக்க வண்டியைப் பார்ப்பதிலேயே போனது. ஈரமான வெள்ளைத் துணியில் துளி ரப்பிங் காம்பவுண்டு வைத்து டேங்க்கின் மூலையில் தேய்த்தேன். துணி கறுத்தது. அப்படியென்றால் மேலே கிளியர் கோட் இல்லை, நிறமே மேல்பூச்சு. டேங்க்கின் மேற்புறம் வெளிறியிருந்தாலும் அங்கே தேய்த்த இடம் ஆழமான கறுப்பாகத் திரும்பியது. வெயிலில் செத்துப்போனது மேல் படலம் மட்டும்தான். அங்கே பாலிஷ் போதும், பெயிண்ட் வேண்டாம். பலர் இதைச் சோதிக்காமலே நல்ல பழைய பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். கம்பெனியில் சூளையில் வைத்துச் சுட்ட பெயிண்ட் அது. அந்த உறுதி நம் வாசலில் அடிக்கும் எதற்கும் வராது.

கீறல்கள் மீது நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் போனால் பாலிஷிலேயே மறையும். தடுத்தால் பெயிண்ட் தேவை. துரு கிளம்பிய இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்க்க வேண்டும். மேலே மிளகளவு தெரிந்தால் அடியில் எட்டணா அளவு பரவியிருக்கும். முன்பு யாராவது பட்டி பார்த்திருந்தால் அதையும் கண்டுபிடிக்கலாம்: மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை மெல்ல நகர்த்தினால் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். எங்கள் வண்டியில் நான்கு இடங்கள் தேறின. முன் மட்கார்டில் கம்பி வந்து சேரும் இடம், டூல் பாக்ஸின் அடிப்புறம், டேங்க் மூடியைச் சுற்றி பெட்ரோல் சிந்தி உரிந்த வட்டம், ஒருமுறை இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்ததில் டேங்க்கில் ஒரு சாண் நீளத் தேய்வு. கடைசி இடத்தில் பொன் கோடும் சேர்ந்து போயிருந்தது.

நிறத்தைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். புல்லட்டுக்கு ராணுவப் பச்சை அடிக்கும் ஆசை பலருக்கு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்குகிறது. இருக்கும் நிறத்திலேயே இருப்பது எல்லா வகையிலும் நல்லது.

இனி கழுவுதல். எங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் தொடங்கி இந்தப் பக்கமெல்லாம் நிலத்தடியில் கடல்நீர் ஏறி ரொம்ப வருடமாகிறது. வண்டி கழுவும் இடங்களிலும் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். அதில் கழுவினால் அழுக்கு போகும், காய்ந்ததும் புதிய உப்பு தங்கும். ஆகவே போர் தண்ணீரே வேண்டாம், மெட்ரோ தண்ணீர்தான். காட்டுப்பள்ளியில் 2010 முதல் ஓடும், நாளுக்கு 10 கோடி லிட்டர் அளவுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து வடசென்னைக்குத் தண்ணீர் வருகிறது. கடல் பூசிய உப்பைக் கடலிலிருந்தே எடுத்த நன்னீரால் கழுவுகிறோம் என்று நினைக்கும்போது மனதுக்கு இதமாக இருந்தது.

டேங்க், டூல் பாக்ஸ், மட்கார்டு மூன்றையும் கழற்றிவிட்டேன். பெட்ரோல் குழாயை மூடி, பைப்பை உருவி, டேங்க்கை முழுக்க வடித்தாக வேண்டும். வடித்த டேங்க் ஆபத்து இல்லாதது என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி பெட்ரோலைவிட எளிதில் பற்றும். மூடியையும் குழாய் ஓட்டையையும் அடைத்துவிட்டுத் திறந்தவெளியில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ, பீடியோ, கிரைண்டர் பொறியோ கூடாது. அடித் தையலில் ஊசி ஓட்டை தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, டேங்க் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் சூடு காட்டி அடைக்கப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

சோப்புத்தூள் கரைத்த நீரில் ஸ்பாஞ்சால் இரண்டு முறை கழுவினேன். மட்கார்டின் உள்புறத்தையும், மடிப்புகளையும், கம்பி சேரும் இடுக்கையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். உப்பு குடியிருப்பது அங்கேதான். காய்ந்ததும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க டர்பன்டைன். ஒரு துணியில் நனைத்துத் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியில் செய்தால் பிசுக்கை இடம் மாற்றியதுதான் மிச்சம். மண்ணெண்ணெய் வேண்டாம், அதுவே எண்ணெய்ப் படலம் விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததே, அந்தத் தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால் இந்தத் துடைப்பை மூன்று நான்கு தடவை செய்யுங்கள். துளி எண்ணெய் மிஞ்சினாலும் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகிச் சின்னச் சின்னக் கண்ணாகத் திறந்து நிற்கும்.

அடுத்தது துரு. கம்பி பிரஷ், பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாள். இரும்பு வெள்ளை தெரியும்வரை விடக்கூடாது. பள்ளங்களில் கறுப்பாகத் தங்குவதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவர் கடையில் கிடைக்கும். கையுறை போட்டுத் தடவி, பத்து பதினைந்து நிமிடம் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவியது போதுமா என்று தெரிந்துகொள்ளப் பெயிண்டர் அண்ணன் ஒரு சோதனை சொன்னார்: காயவைத்து ஒரு ராத்திரி வீட்டுக்குள் வை. காலையில் அந்தப் பள்ளங்களில் மறுபடி செம்மஞ்சள் பூத்திருந்தால் உப்பு இன்னும் இருக்கிறது.

மட்கார்டில் முதல் ராத்திரி பூத்தது. மறுபடி தேய்த்து, கழுவி, வைத்தேன். இரண்டாம் ராத்திரி ஊசி முனையளவு பூத்தது. மூன்றாவது தடவை கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்தினேன். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அது இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் போதும். அன்று ராத்திரி இரும்பு வெளுத்தபடியே இருந்தது. நான்கு வருடம் முன்பு நான் செய்யாமல் விட்டது இந்த மூன்று ராத்திரிகளைத்தான்.

இதன்பின் அந்த இடத்தை வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையும் உப்புதான்.

தேய்ப்பில் கைப்பழக்கம் வேண்டும். இரும்பு தெரியும் பள்ளத்துக்கும் நல்ல பெயிண்ட்டுக்கும் இடையே ஒரு படி இருக்கும். அந்தப் படியை இழைத்துச் சரிவாக்காவிட்டால் எத்தனை கோட் அடித்தாலும் அதன் விளிம்பு மேலே தெரியும். 120, 180, 320 என்று வெளிநோக்கித் தேய்த்துக்கொண்டே போனால் இரும்பு, பிரைமர், கறுப்பு என்று மரத்தின் வளையம்போல ஒன்றைச் சுற்றி ஒன்று தெரியும். வளையங்கள் சேர்ந்து இரண்டு விரல் அகலமாவது இருக்க வேண்டும். உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டில் சுற்றிக்கொள்வது பட்டறை வழக்கம். அதைவிட நல்ல பிளாக் கிடையாது. சரியாக வந்ததா என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய துணிக்கு மேலே விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பும் படி விரலுக்குத் தப்பாது.

பழைய பெயிண்ட்டைத் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டுக்கு ஈய அளவைக் கட்டுப்படுத்தும் விதிகளே 2016-இல்தான் வந்தன. உலர்ந்த தூள் மூச்சில் போவதும், வீட்டுக் குழந்தைகள் தவழும் தரையில் படிவதும் வேண்டாம். தேய்த்த நீரையும் துணியையும் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

இரும்பு வெளுத்த நிலையில் இருந்தால் எங்கள் காற்றுக்கு ஒரு மணி நேரம்கூடத் தராமல் பிரைமர் அடித்துவிட வேண்டும். பட்டறைகளில் ரெட் ஆக்சைடு அடிப்பது பழைய வழக்கம். கடலோரத்துக்கு இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் பலமடங்கு மேல். அது ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. ஒன்றில் கவனம்: முன்பு தடவிய அமிலம் மிச்சமிருந்தால் எபாக்சி இறுகாது, பிசுபிசுத்தே கிடக்கும். இங்கேயும் கழுவல்தான் காப்பாற்றும்.

பட்டி போடுவது பிரைமருக்கு மேலே. வெறும் இரும்பில் பட்டி வைத்துத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பட்டி ஸ்பாஞ்சுபோலத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் அடியிலிருந்து துரு வரும். ஆகவே பட்டியை உலர்வாகவே, முகமூடி போட்டுக்கொண்டு தேய்க்க வேண்டும். 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம் என்பது பொதுவான அளவு. நம் வெயிலில் ஐந்து நிமிடத்துக்குள் இறுகிவிடும் என்பதால் எலுமிச்சை அளவுக்கு மேல் ஒரே தடவையில் குழைக்காதீர்கள். மயிரளவு கீறலுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியை மெல்ல இழுத்துவிட்டால் போதும்.

நிறம் கலக்கக் கடைக்குப் போகும்போது சிலர் வண்டி மாடல் பெயரைச் சொல்லி வாங்கி வருவார்கள். முப்பது வருட வெயில் பார்த்த கறுப்பு வேறு, டப்பாவிலிருக்கும் கறுப்பு வேறு. ஒரு பாகத்தைப் பாலிஷ் போட்டுக் கையோடு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள். பாலிஷ் போடாமல் கொண்டுபோனால் வெளிறிய படலத்துக்குத்தான் நிறம் ஒத்துவரும். ஹார்டனர் கலந்து அடிக்கும் பியு (பாலியூரிதேன்) பெயிண்ட் உறுதியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் ஆவியில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. வெளிக்காற்று தரும் முகமூடி இல்லாமல் வீட்டு வாசலில் அதை அடிக்கவே கூடாது. பட்டறை ஆளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள், கர்சீப் கட்டி அடிப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். நான் எடுத்தது என்.சி. பெயிண்ட். அதற்கும் கரித்தூள் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

பழைய எனாமல் மேல் என்.சி. அடிக்கும்போது தின்னர் அடியிலிருப்பதை இளக்கிச் சுருங்கவைக்கும். டூல் பாக்ஸின் உட்புறத்தில் ஒரு கைக்குட்டை அளவு அடித்துப் பார்த்து, சுருங்கவில்லை என்று உறுதியான பின்பே டேங்க்குக்கு வந்தேன்.

முந்தின நாள் ராத்திரியே தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட வேண்டும். காலையில் தெளித்தால் ஈரம் ஏறிவிடும். கொடியில் பழைய கொசுவலை கட்டினால் பூச்சியும் தூசும் வராது. பொன் கோட்டுக்கு மேல் மாஸ்கிங் டேப்பை மெல்ல ஒட்டினேன். ஒட்டுமுன் துணியில் இரண்டு தடவை தட்டிப் பசையைக் குறைத்துக்கொண்டால் கோட்டை உரித்துக்கொண்டு வராது. சரிசெய்யும் இடத்தைச் சுற்றி டேப்பை மடித்து விளிம்பு மேலே தூக்கியபடி வைத்தால், புதுப் பெயிண்ட் வெட்டின மாதிரி நிற்காமல் மங்கிப் போய்க் கலக்கும்.

வாடகைக்கு எடுத்த சின்ன கம்ப்ரசரில் முதலில் தண்ணீரை வடித்தேன். எங்கள் ஊர்க் காற்றை அழுத்தினால் அரை டம்ளராவது தேறும். வடிக்காவிட்டால் அது பெயிண்ட்டோடு வெளியே வரும். துப்பாக்கியை ஒரு சாண் தூரத்தில், மணிக்கட்டைச் சுழற்றாமல் கையை நேராக நகர்த்தி, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். ஒரு வீச்சு முந்தையதன் பாதியை மூட வேண்டும். முதல் கோட் அடியில் இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால்தான் நல்லது. பத்து நிமிடம் விட்டு அடுத்தது. நான் நான்கு கோட் அடித்தேன். மூன்றாவதில் மேலே பால் பூத்தது போல வெளுத்தது. தின்னர் ஆவியாகும் வேகத்தில் இரும்பு குளிர்ந்து காற்றின் ஈரம் பெயிண்ட்டில் படிவதால் வருவது அது. பதறித் துடைக்கக்கூடாது. மெல்லக் காயும் ரிடார்டர் தின்னரைக் கொஞ்சம் கலந்து மேலே ஒரு மெல்லிய கோட் அடித்ததும் வெளுப்பு உருகிக் கறுப்பு திரும்பியது. ஸ்பிரே டின் வைத்துச் செய்பவர்களுக்கும் இதே முறைதான். டின்னை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்துக் குலுக்கினால் தூறல் சீராக வரும், கொதிநீரிலோ அடுப்பருகிலோ வைத்தால் வெடிக்கும்.

கழுவிய தின்னரை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். அது பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் போகும்; அங்கே இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் ஏற்கெனவே நிறையத் தாங்கிவிட்டார்கள். ஜாடியில் மூடி வைத்தால் வண்டல் அடியில் தங்கி, மேலே தெளிந்தது அடுத்த முறை துப்பாக்கி கழுவ ஆகும்.

ஒரு வாரம் அப்படியே விட்டு, 1500, 2000 வாட்டர் பேப்பரால் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டேன். டேங்க்கின் விளிம்பு, மடிப்பு போன்ற இடங்களில் பெயிண்ட் எப்போதும் மெல்லியது. டேப் ஒட்டிப் பாதுகாத்துவிட்டு மற்ற இடத்தைத் தேய்ப்பது நல்லது. வெளிறிய மேற்புறத்தையும் அப்போதே தேய்த்துத் திருப்பினேன். புதிய இடத்துக்கு ஒரு மாதம்வரை மெழுகு போடவில்லை. உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும்.

அந்த ஒரு சாண் கோடு மட்டும் மிச்சம். டேப் ஒட்டி நானே இழுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு தகரத்தில் செய்து பார்த்தபோது விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருந்தது. பழைய கோட்டில் இருக்கும் மெல்லிய ஏற்ற இறக்கம் அதில் இல்லை. கடைப் பலகை எழுதும் ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். நீண்ட மயிர்ப் பிரஷ்ஷில் பொன் எனாமலைத் தொட்டு, கண்ணாடித் துண்டில் இரண்டு முறை இழுத்துப் பார்த்து, சுண்டு விரலை டேங்க்கின் விளிம்பில் ஊன்றிக்கொண்டார். மணிக்கட்டு அசையவில்லை, உடம்பே பக்கவாட்டில் நகர்ந்தது. முதல் முறை சேரும் இடத்தில் கொஞ்சம் தடித்தது. டர்பன்டைன் துணியால் துடைத்தார், காய்ந்த என்.சி.யை அது ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது இழுப்பில் பழைய கோட்டோடு போய்ச் சேர்ந்தது.

புதிய துண்டு கொஞ்சம் பளிச்சென்றுதான் இருக்கிறது. "பழசையும் சேர்த்து ஒரே மாதிரி இழுத்துடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் ஐயா, அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் இரண்டு பக்கெட் மெட்ரோ தண்ணீர். மட்கார்டின் உள்புறம் முதலில், டேங்க் கடைசியில். ராத்திரி மூடுவதற்குப் பருத்தித் துணி. தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே வேகவைக்கும். மிஞ்சிய கறுப்பை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, கடைக்காரர் கலந்த கணக்கையும் தேதியையும் காகிதத்தில் எழுதி ஒட்டி, அடுப்படியிலிருந்து தள்ளி உயரத்தில் வைத்திருக்கிறேன். மழை முடிந்ததும் மட்கார்டுக் கம்பி சேரும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.